நாலடித் தொட்டியில் மலாவி சிக்லிட்: கூட யாரை விடலாம்?

மீன் சாப்பிடுகிற வீட்டில் ஜிலேபியைத் தெரியாதவர் இல்லை. 1950களில் இங்கே கொண்டுவந்து விடப்பட்ட ஆப்பிரிக்க மீன் அது. இன்று ஏரியோ கண்மாயோ, வலை போட்டால் முதலில் சிக்குவது பெரும்பாலும் அதுதான். இடத்தைப் பிடித்துக்கொள்ளும், முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும், பக்கத்தில் வருகிறவனை விரட்டும். வண்ண மீன் கடையில் மஞ்சளும் நீலமுமாகப் பளபளக்கும் மலாவி சிக்லிட்களும் (ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்கள்) அதே குடும்பம். குணத்திலும் பெரிய வித்தியாசம் கிடையாது. அழகாக இருக்கிறதே என்று நாலைந்து வகையை அள்ளிக்கொண்டு வந்தால், ஆறே மாதத்தில் தொட்டியில் ஒரு ரவுடியும் மூலையில் கிழிந்த துடுப்போடு ஒளிந்து நிற்கும் சிலரும் மிஞ்சுவார்கள்.

சென்னை கொளத்தூர் பக்கம் பல கடைகளில் "ஆப்பிரிக்கன் மிக்ஸ்" என்று ஒரு தொட்டி இருக்கும். நாலு செ.மீ. குஞ்சுகள், எல்லாம் ஒரே அளவு. "எல்லாம் ஆப்பிரிக்கன்தான் சார், ஒண்ணாவே வளரும்" என்பார்கள். உற்றுப் பாருங்கள். மஞ்சள் உடம்பில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு ஓடுகிறதே, அது ஆரட்டஸ். அதற்குக் கீழே மணலில் நிற்கும் புள்ளிக்காரன் வீனஸ்டஸ். சிவப்பில் நீலப் பொட்டு வைத்த ஜுவல், மலாவி ஏரிக்குச் சம்பந்தமே இல்லாத ஆற்று மீன். ஆரட்டஸ் 10 செ.மீ. தாண்டியதும் நின்றுவிடும். வீனஸ்டஸ் 25 செ.மீ. வரை போகும், வாய்க்கு அடங்கும் மீனை விழுங்கும். ஆப்பிரிக்கா ஒரு கண்டம். அங்கே பிறந்தார்கள் என்பதற்காக ஒரே தொட்டியில் ஒத்துப்போவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

ஒரே ஏரி என்று சுருக்கிக்கொண்டாலும் வேலை முடியவில்லை. மலாவி ஏரியில் மட்டும் 800க்கும் மேற்பட்ட சிக்லிட் இனங்கள் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். நம் கடைகளுக்கு வருகிறவற்றை இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளலாம். கரையோரப் பாறைகளில் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்னும் எம்பூனாக்கள் ஒரு கூட்டம். மணல்வெளியிலும் திறந்த நீரிலும் பூச்சி புழுவையும் சிறு மீனையும் பிடித்துத் தின்னும் பீகாக், ஹாப் வகைகள் இன்னொரு கூட்டம். எந்தக் கூட்டம் என்பதை முதலில் முடிவு செய்தால், துணை மீன் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். நிறத்தைப் பார்த்து ஆரம்பிக்கிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

இங்கே சொல்வதெல்லாம் நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டிக்கு; அதாவது சுமார் 250 லிட்டர். ஓடித் தப்பிக்கத் தரை நீளம் வேண்டும், உயரம் அதற்கு உதவாது. உங்களிடம் இருப்பது இரண்டடித் தொட்டி என்றால் இந்த மீன்களை விட்டுவிடுங்கள். "குஞ்சாக இருக்கும்வரை வைத்துக்கொள்கிறேன்" என்பவர்களில் பிறகு பெரிய தொட்டி வாங்கியவர்கள் ரொம்பக் கம்மி.

எம்பூனா மட்டும்

எனக்குப் பிடித்த வழி இதுதான். நாள் முழுக்கச் சலசலப்பு, ஆணும் பெண்ணும் இரண்டுமே நிறம், குஞ்சும் தானாக வரும். இவை சண்டைக்காரர்கள் என்பது உண்மை. அந்தச் சண்டையைச் சமாளிக்க ஒரு வழி இருக்கிறது. நாலே நாலு எம்பூனா விட்டால் பலசாலி மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாக முடித்துவிடும். பதினெட்டு, இருபது விட்டால் துரத்தல் எல்லோர் மேலும் பங்காகிவிடும். யாரைத் துரத்த ஆரம்பித்தோம் என்பதே அதற்கு மறந்துபோகும். கூடவே ஓர் ஆணுக்கு மூன்று நாலு பெண் என்ற கணக்கும், தரையிலிருந்து பாதி உயரத்துக்காவது அடுக்கிய பாறையும் வேண்டும். பாறை கண்ணாடித் தரையில் உட்கார வேண்டும், மணல் அதற்கு அப்புறம். மணல்மேல் அடுக்கினால் மீன் அடியில் தோண்டித் தோண்டிச் சரித்துவிடும்.

எந்த எம்பூனா என்பதில்தான் வித்தியாசமே. யெல்லோ லேப் என்கிற மஞ்சள் மீன் இவர்களில் சாது. ரஸ்டி அதைவிடச் சாது. கடை விளக்கில் துருப்பிடித்த மாதிரி மங்கலாகத் தெரிவதால் யாரும் எடுப்பதில்லை, வீட்டில் பழகியதும் ஊதா மினுங்கும். நீல உடம்பும் மஞ்சள் வாலுமான ஏசெய், ஏரியில் மூழ்கிக் கிடக்கும் மரங்களில் பாசி மேய்கிற மீன். பாறைக்குச் சொந்தம் கொண்டாடாமல் கூட்டமாக மேல்தட்டிலேயே நீந்தும். இந்த மூன்றும் சேர்ந்தால் நிறமும் கிடைக்கும், நீங்களும் நிம்மதியாகத் தூங்கலாம்.

இன்னொரு பக்கம் ஆரட்டஸும் கென்யியும். இரண்டும் குஞ்சில் அத்தனை அழகு, விலையும் கம்மி. கடையில் முதலில் கண்ணில் படுவதும் இவைதான். ஆரட்டஸ் ஆண் வளர்ந்ததும் மஞ்சள் போய்க் கறுத்துவிடும். அந்த நிற மாற்றம் ஆரம்பித்தால் மற்ற மீன்களுக்குக் கெட்ட காலம் ஆரம்பித்தது என்று அர்த்தம். கென்யியில் நீலமாக இருப்பவை பெண்ணும் குஞ்சும். ஆண் பெரிதானதும் மஞ்சளாகும். மஞ்சளானவன் தன்னைப் போலவே மஞ்சளாக இருக்கும் யெல்லோ லேப்பைப் போட்டியாளனாக நினைத்து அடிப்பான். இங்கே ஒரு பொது விதி கிடைக்கிறது: ஒரே நிறம், ஒரே வரி உள்ளவற்றை ஒன்றாக வைக்காதீர்கள். நீலத்தில் கறுப்புப் பட்டை போட்ட டெமசோனியும் அதே மாதிரிப் பட்டை போட்ட சவுலோசி ஆணும் ஒரே தொட்டியில் இருந்தால் குழாயடிச் சண்டைதான். தனித்தனியாக இரண்டுமே அருமையான மீன்கள். டெமசோனி வைப்பதானால் பன்னிரண்டுக்குக் குறையாமல் வையுங்கள். நாலைந்து வைத்தால் தன் இனத்தையே தீர்த்துக்கட்டிக் கடைசியில் ஒன்று மிஞ்சும்.

பீகாக், ஹாப்: ஆண்கள் மட்டும்

பீகாக் மீன் இரை தேடுவதை நின்று பார்க்க வேண்டும். மணலுக்கு ஒரு விரல் உயரத்தில் தலையைச் சாய்த்து அசையாமல் மிதக்கும். அதன் தாடையிலும் கன்னத்திலும் பெரிய பெரிய உணர்வுக் குழிகள் உண்டு. மணலுக்குள் புழு நெளிகிற அதிர்வை அவற்றால் உணர்ந்து, சட்டென்று வாயை மணலில் குத்தும். இத்தனை பொறுமையான மீனை எம்பூனாக் கும்பலில் விட்டால், தீனி போட்டு அரை நிமிடத்தில் எல்லாம் தீர்ந்திருக்கும், இது வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்.

பீகாக்கில் நிறமெல்லாம் ஆணுக்குத்தான். பெண் சாம்பலும் பழுப்புமாக இருக்கும், அதிலும் ஓர் இனத்துப் பெண்ணை இன்னொன்றிடமிருந்து பிரித்துச் சொல்வது கடைக்காரருக்கே கஷ்டம். ஆண் பெண் கலந்து இரண்டு மூன்று வகை வைத்தால் கலப்புக் குஞ்சுதான் வரும், இன்னதென்று பெயர் சொல்லி யாருக்கும் கொடுக்க முடியாது. அதனால் பலர் ஆண்களை மட்டும் வைக்கிறார்கள்: நிறத்துக்கு ஒன்றாக எட்டு அல்லது பத்து. பெண் இல்லாததால் சண்டைக்குக் காரணமும் பாதியாகக் குறைகிறது. தெரியாமல் ஒரே ஒரு பெண் உள்ளே வந்துவிட்டாலும் போதும், அதுவரை அமைதியாக இருந்த தொட்டி கலவரமாகிவிடும்.

இதில் செலவு அதிகம். ஆண் என்று உறுதியாகத் தெரிகிற வளர்ந்த மீனின் விலை, குஞ்சு விலையைப் போலப் பல மடங்கு. நாலு செ.மீ. குஞ்சு முழு நிறத்தோடு மின்னினால் சந்தேகப்படுங்கள். ஹார்மோன் கொடுத்து முன்கூட்டியே நிறம் வரவைப்பது இந்த வியாபாரத்தில் தெரிந்த விஷயம். வீட்டுக்கு வந்த சில வாரங்களில் சாயம் வெளுக்கும். இன்னொன்று, அடிபட்டு ஒதுங்கிய ஆண் நிறத்தை அடக்கிக்கொண்டு பெண் மாதிரி ஆகிவிடும். பத்து ஆண் வைத்தால் பத்தும் ஜொலிக்கும் என்று எண்ண வேண்டாம், ஆறேழு ஜொலித்தால் நல்ல தொட்டி.

ஹாப் வகையில் பெரிய உருப்படிகளை நாலடிக்குள் கொண்டுவராதீர்கள். எலக்ட்ரிக் புளூ என்று கேட்டு வாங்கும் ஃபிரையரி 15 செ.மீ.க்கு மேல் போகும், குட்டி மீனைத் தின்னும். ஆனாலும் ஒன்று வைக்கலாம். வீனஸ்டஸும் நெற்றி புடைத்த புளூ டால்பினும் ஆறடித் தொட்டி கேட்பவர்கள். ஃபிரண்டோசா பக்கத்து டங்கனீக்கா ஏரிக்காரன், ஓரடி வளர்வான், அவனுக்குத் தனி வீடு.

இரண்டையும் கலந்தால்?

அதிகம் பேர் செய்வதும் இதைத்தான், அதிகம் பேர் புலம்புவதும் இதைத்தான். காரணம் தீனி. எம்பூனாவின் குடல் பாசி செரிக்கிற நீளக் குடல். ரத்தப்புழு, மாட்டு இதயம் மாதிரிப் புரதமும் கொழுப்பும் நிறைந்த தீனியை நாள்தோறும் கொடுத்தால் மலாவி புளோட் என்கிற வயிறு வீங்கும் நோயில் கொண்டுபோய் விடும். அதற்குக் காரணம் ஒன்றே ஒன்று இல்லை. ஒவ்வாத தீனியும் ஓயாத துரத்தலும் சேர்ந்தால் வந்து நிற்கும். மீன் தீனியை வாயில் எடுத்துத் துப்பும், கழிவு வெள்ளையாக நூல் மாதிரித் தொங்கும். வயிறு உப்பின பிறகு காப்பாற்றுவது அபூர்வம். பீகாக்குக்கு வேண்டியதோ அந்தப் புரதம்தான். ஸ்பைருலினா என்ற பாசியில் செய்த பெல்லட்டைப் பொதுவாகப் போட்டுச் சமாளிக்கலாம். பீகாக் அதில் உயிர் வாழும், ஆனால் ஆளுக்குரிய வளர்த்தியும் மினுக்கும் வராது.

கலந்தே ஆக வேண்டும் என்று மனசு கேட்டால், பீகாக்குகளோடு யெல்லோ லேப் அல்லது ரஸ்டி மட்டும். லேப் ஏரியிலும் பூச்சி புழு தின்கிற மீன்தான், அதனால் தீனிப் பிரச்சினை குறைவு, அடிதடியும் குறைவு. ஆரட்டஸ், கென்யி, டெமசோனி பக்கமே போக வேண்டாம்.

சிக்லிட் அல்லாத துணை

கெளுத்தி வகையில் சினோடான்டிஸ் ஒன்றுதான் இந்தத் தொட்டிக்குக் கச்சிதமாகப் பொருந்தும். தடித்த தோல், முள் துடுப்பு, பகலில் பாறை இடுக்கில் படுக்கை. எம்பூனா சீண்டினாலும் கண்டுகொள்ளாது. ஆனால் சினோடான்டிஸ் என்று கேட்டால் கடையில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் ஃபெதர்ஃபின். விசிறி மாதிரி முதுகுத் துடுப்போடு பார்க்க நன்றாகத்தான் இருக்கும், 20 செ.மீ. தாண்டும், பெரிதானால் இரவில் குஞ்சுகளைக் காலி செய்யும், தன் இனத்தோடும் மல்லுக்கு நிற்கும். நீங்கள் கேட்க வேண்டியது லூசிபின்னிஸ். பெட்ரிகோலா என்ற பெயரில்தான் அதிகம் விற்பார்கள். டங்கனீக்கா ஏரிக்காரன், கைக்கு அடக்கம், நாலைந்தாக வைத்தால் பகலிலும் வெளியே வரும்.

குயில் கெளுத்தி என்று பெயர் வாங்கிய மல்டிபங்க்டேட்டஸ் தனிக் கதை. சிக்லிட் ஜோடி முட்டையிடும்போது பெண் முட்டையைப் போட்டுவிட்டு உடனே திரும்பி வாயில் அள்ளும். அந்த ஓரிரு நொடிக்குள் இந்தக் கெளுத்தி ஜோடி நடுவில் பாய்ந்து, அங்கிருக்கும் முட்டையில் சிலவற்றைத் தின்று, தன் முட்டையைத் தூவிவிட்டுப் போகும். பெண் சிக்லிட் அவசரத்தில் அதையும் சேர்த்து அள்ளிக்கொள்ளும். கெளுத்திக் குஞ்சு முதலில் பொரித்து, வாய்க்குள்ளேயே சிக்லிட் குஞ்சுகளைத் தின்று வளரும். டங்கனீக்காவில் நடக்கும் இந்தத் திருட்டை 1986இல் ஜப்பானிய ஆய்வாளர் டெட்சு சாட்டோ வெளியுலகுக்குச் சொன்னார். அந்த ஏரி சிக்லிட்கள் காலங்காலமாகப் பட்டு உஷாராகிவிட்டன, பல சமயம் கெளுத்தி முட்டையைக் கண்டுகொண்டு விலக்கிவிடும். மலாவி மீனுக்கு அந்த அனுபவமே கிடையாது, சுலபமாக ஏமாறும். மூன்று வாரம் பட்டினி கிடந்து அம்மா மீன் கடைசியில் துப்புவது புள்ளி புள்ளியாகக் கெளுத்திக் குஞ்சை. குஞ்சு எடுக்க நினைப்பவர்கள் இதைத் தவிர்க்கலாம். எம்பூனா குஞ்சு பெருகிவிட்டதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆள் கிடையாது.

"டேங்க் கிளீனர்" என்று தள்ளிவிடுகிற சக்கர் மீன் வேண்டவே வேண்டாம். ஓரடிக்கு மேல் வளரும், தின்பதைவிட அசிங்கம் செய்வது அதிகம். வளர்ந்ததும் ஏரியில் விட்டு விட்டுத்தான் கேரளத்திலும் நம் பக்கத்திலும் நீர்நிலைகளில் அது வேரூன்றிவிட்டது. பாசியைச் சுரண்ட ஆள் வேண்டும் என்றால், அதற்குத்தானே எம்பூனா இருக்கிறது! பீகாக் தொட்டியில் மட்டும் பிரிஸ்டில்நோஸ் ஒன்று வைக்கலாம், 12 செ.மீ. அளவோடு நின்றுவிடும், ஒளிய ஒரு குழாயோ பொந்தோ கொடுத்தால் போதும்.

நடுத் தண்ணீரில் கூட்டமாக ஓடிப் பயந்த மீன்களை வெளியே வரவைக்க ஜயன்ட் டேனியோ நல்ல ஆள். நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் மீன், வேகமாக ஓடும், சிக்லிட்டால் பிடிக்க முடியாது. எட்டாகவாவது வாங்குங்கள், தொட்டிக்கு மூடி போடுங்கள், துள்ளிவிடும். பீகாக்கோடு போசெமானி ரெயின்போவும் ஒத்துப்போகும். மிஸ் கேரளாவைச் சிலர் விடுகிறார்கள். குளிர்ந்த ஓடைநீர் மீன் அது, காட்டில் அருகி வரும் இனமும்கூட, இந்தச் சந்தைக்கடைக்குள் அதை ஏன் இழுக்க வேண்டும்? தங்கமீன், ஏஞ்சல், கப்பி, ஃபிளவர்ஹார்ன், ஆஸ்கார்: இவற்றைப் பற்றி விவாதமே தேவையில்லை.

தண்ணீரும் ஒரு கை பார்க்கும்

மலாவிக்குத் தண்ணீரின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 7.8 முதல் 8.5, வெப்பம் 24 முதல் 28 டிகிரி. பல ஊர் போர் தண்ணீர் இயல்பாகவே கடினம் என்பதால் நமக்குச் சௌகரியம். ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி அதைக் கெடுக்காதீர்கள். அதேசமயம் கடினத் தண்ணீர் வேறு, உப்புக் கரிக்கிற தண்ணீர் வேறு. கடலோரப் பகுதியில் வாயில் வைக்க முடியாத போர் தண்ணீர் மலாவிக்கு ஆகாது. அந்த ஏரித் தண்ணீரில் உப்பு மிகவும் குறைவு. அப்படிப்பட்ட கடலோர ஊர்களில் குடிநீர்க் குழாய்த் தண்ணீரைக் குளோரின் நீக்கி, ஃபில்டரில் நொறுங்கிய சிப்பி ஓடு ஒரு பை போட்டுப் பயன்படுத்துவது மேல்.

எம்பூனாவைக் கூட்டமாக வைக்கும் வழிக்கு ஒரு விலை உண்டு. பி.எச். ஏற ஏற அம்மோனியாவின் நச்சு வடிவம் பெருகும். 28 டிகிரியில் பி.எச். 7 இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நச்சாக இல்லை, 8.2 ஆனால் ஏறக்குறைய பத்து பங்கு. எனவே இருபது மீன் என்றால் நல்ல கேனிஸ்டர் ஃபில்டரும் வாரம் தவறாமல் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றமும் கட்டாயம். சித்திரை வெயிலில் தண்ணீர் 31, 32 தொடும்போது ஆக்சிஜனும் குறையும், ஏர் பம்ப் தனியாக ஓடட்டும், கரண்ட் போனால் ஓடுகிற பேட்டரி பம்ப் ஒன்றும் கைவசம் இருக்கட்டும். வாரா வாரம் தண்ணீர் மாற்ற உங்களால் முடியாது என்றால் எட்டு பீகாக் ஆண்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சுமை குறைவு.

எதை எடுப்பது

முதல் தடவை வைக்கிறவர் என்னிடம் கேட்டால் நான் சொல்வது: யெல்லோ லேப் ஆறு, ஏசெய் ஆறு, ரஸ்டி ஆறு, லூசிபின்னிஸ் நாலு. எல்லாம் நாலைந்து செ.மீ. குஞ்சாக. அந்த வயதில் ஆண் பெண் தெரியாது, வளர்ந்த பிறகு கூடுதல் ஆண்களை எடுத்துவிடலாம். கையில் காசு இருக்கிறது, குஞ்சு வேண்டாம், வரவேற்பறையில் வந்தவர் நின்று பார்க்க வேண்டும் என்பவருக்கு ஆண் பீகாக் தொட்டி. டெமசோனி அல்லது சவுலோசி மட்டும் வைக்கும் ஒரே இனத் தொட்டி மூன்றாவது வழி. பழகியவர்களுக்கு அதில் கிடைக்கும் சுவாரசியம் வேறெதிலும் இல்லை, ஆனால் முதல் தொட்டியாக வேண்டாம்.

விடும்போது சாதுக்கள் முதலில், முரடர்கள் கடைசியில். பின்னால் புது மீன் சேர்க்க நேர்ந்தால் ஒற்றையாகச் சேர்க்காமல் நாலைந்தாகச் சேருங்கள். அதற்கு முன் பாறைகளைக் கலைத்து மாற்றி அடுக்குங்கள். பழையவர்களுக்கும் வீடு புதிதாகிவிடும், யார் இடம் எது என்ற கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும். விளக்கை அன்று முழுக்க அணைத்து வையுங்கள். அப்படியும் ஒருவன் அடங்கவில்லை என்றால் அடிபட்டவனைப் பிரிப்பதைவிட அடிக்கிறவனைப் பத்து நாள் வெளியே வைப்பதுதான் வேலை செய்யும், திரும்பி வரும்போது அவன் இடம் போயிருக்கும். அதற்கு ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு இரண்டடித் தொட்டி ஒன்று ஓரமாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மீனுக்கு முன்னால் அதை வாங்கி வையுங்கள். திருந்தாதவனைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே கடையில் கேட்டுவிடுங்கள்.